இழப்பதற்கு எதுவும் இல்லாத சாட்சிகள்

கீழக்கரையிலிருந்து ஓர் இளைஞர் அனுப்பியிருக்கும் கேள்வியின் சாரம் இதுதான். ஆங்கில நாவலாசிரியை அகதா கிறிஸ்டி, ஹெர்க்யூல் பாய்ரோ என்ற துப்பறிவாளரை வைத்து எழுதிய நாவல்களைக் கிடைத்த வரிசையில் வாசித்துவருகிறார். சிலவற்றை வியப்போடு முடித்த பிறகு ‘எலிஃபண்ட்ஸ் கேன் ரிமெம்பர்’ கைக்கு வந்திருக்கிறது. பாதியிலேயே முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். புத்தகத்தை மூடியபோது எரிச்சல்தான் மிஞ்சியது. “குறை என் வாசிப்பிலா, புத்தகத்திலா? புத்தகத்தில்தான் என்றால் கோளாறு எந்த இடத்தில்? இத்தோடு தொடரை நிறுத்திவிடலாமா?” என்று கேட்கிறார்.

தம்பி, குறை உங்கள் வாசிப்பில் இல்லை. பாய்ரோ வரிசையில் மிகவும் தளர்ந்த நாவல்கள் எவை என்று கேட்டால், முழு வரிசையையும் வாசித்தவர்களில் பலர் இதன் பெயரைத் தயங்காமல் சொல்வார்கள். ஆனால் அதற்கு அவர்கள் வழக்கமாகக் கூறும் காரணங்கள் எனக்கு நிறைவளிப்பதில்லை. விடையை எளிதில் ஊகிக்க முடிகிறது என்பார்கள். எழுதியபோது ஆசிரியைக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது என்பார்கள். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒப்புக்கொண்ட பிறகும், அருமையான ஒரு கருவைக் கையில் வைத்துக்கொண்டு இந்த நாவல் ஏன் அசையாமல் கிடக்கிறது என்பது விளங்குவதில்லை. என் கணிப்பில் கோளாறு சாட்சிகளிடம் இருக்கிறது. இந்தக் கதையில் வாய் திறக்கும் அத்தனை பேரிலும், உண்மை வெளிவந்தால் எதையாவது இழக்கக்கூடியவர் என்று ஏறக்குறைய எவரும் இல்லை. இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவர் சொல்வதை எத்தனை பக்கம் கேட்டாலும் அது ஊர்ப்பேச்சாகவே இருக்கும். வாக்குமூலத்தின் கனம் அதற்கு வராது.

கதையின் முடிவைச் சொல்லாமல் இதை விளக்க இயலாது. நாவலை வாசிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

1972-இல் வெளிவந்த இந்த நாவலில், துப்பறியும் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற அரியாட்னி ஆலிவர் என்ற அம்மையார் ஓர் இலக்கிய விருந்துக்குப் போகிறார். (கிறிஸ்டி தம்மைத்தாமே கேலி செய்துகொள்வதற்காகவே படைத்த பாத்திரம் இவர்.) விருந்து முடிந்ததும் பர்ட்டன்-காக்ஸ் என்னும் பெண்மணி அவரைப் பிடித்துக்கொண்டு, “உங்கள் ஞானமகள் சீலியாவை என் மகன் மணக்கப்போகிறான், அவளுடைய தாய் தந்தையைக் கொன்றாளா, தந்தை தாயைக் கொன்றாரா?” என்ற பொருள்படக் கேட்கிறார். சீலியாவின் பெற்றோரான ஜெனரல் ரேவன்ஸ்கிராஃப்டும் அவர் மனைவி மோலியும் பல ஆண்டுகளுக்கு முன் கடலோரப் பாறைமுகடு ஒன்றில் சுடப்பட்டு இறந்துகிடந்தவர்கள். இருவருக்கும் நடுவே துப்பாக்கி. அதில் இருவருடைய கைரேகையும் இருந்தன. காரணம் எதுவும் தெரியாமல் காவல்துறை கையை விரித்துவிட்ட வழக்கு.

ஆலிவர் அம்மையாரும் பாய்ரோவும் அந்தக் காலத்து ஆட்களைத் தேடிப் புறப்படுகிறார்கள். எதையும் மறக்காத அந்தப் பழைய ஆட்களுக்குத்தான் யானைகள் என்று பெயர். ஊசியால் குத்திய தையற்காரனை யானை நினைவு வைத்திருந்து பழிதீர்த்த கதை, நாம் சிறுவயதில் கேட்ட அதே கதை, அங்கும் வருகிறது. கடைசியில் தெரியவருவது இது: மோலிக்கு டோலி என்று மனநிலை பிறழ்ந்த ஓர் இரட்டைச் சகோதரி இருந்தாள். டோலி மோலியைத் தள்ளிவிட்டுக் கொல்கிறாள். சகோதரியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று சாகும் தறுவாயில் மோலி கணவரிடம் வாக்கு வாங்குகிறாள். இறந்தவள் டோலிதான் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, டோலியை மோலியாக நடமாடவிடுகிறார் ஜெனரல். சில வாரங்களில் அவளைத் தம் கையாலேயே சுட்டுவிட்டுத் தாமும் சுட்டுக்கொள்கிறார். வீட்டு நாய் மட்டும் ஏமாறவில்லை. எசமானியாக நடித்தவளை அது கடித்தது.

இரட்டைச் சகோதரி என்ற பேச்சு காதில் விழுந்த மாத்திரத்தில், இரட்டை வேடப் படங்களைப் பார்த்து வளர்ந்த நம்மவருக்கு விடை பாதி தெரிந்துவிடும். இறந்தவள் நான்கு பொய்முடிகள் வைத்திருந்தாள் என்றும் நாய் அவளைக் கடித்தது என்றும் அதன்மேல் சொன்னால் மீதிப் பாதியும் தெரிந்துவிடும். ஆகவே நீங்கள் பாதியில் கண்டுபிடித்ததில் வியப்பில்லை. ஆனால் விடை முன்கூட்டியே தெரிவது ஒரு துப்பறியும் நாவலைக் கொன்றுவிடும் என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. இராமநாதபுரத்தில் வாடகை நூல்நிலையம் நடத்திய காலத்தில் என் தலைவலிகளுள் ஒன்று, படித்து முடித்தவர்கள் முதல் பக்கத்தில் கொலைகாரனின் பெயரைப் பென்சிலால் எழுதிவைத்துத் திருப்பித் தருவது. அழிப்பானும் கையுமாக உட்கார்ந்து அழிப்பேன். அழுத்தி எழுதியிருந்தால் தடம் அப்படியே நிற்கும். அந்தத் தடத்தைப் பார்த்துவிட்டும் புத்தகத்தை எடுத்துப்போனவர்கள் இருந்தார்கள். எடுத்துப்போய்விட்டு, “பெயர் தெரிந்தும் நம்ப முடியவில்லை அண்ணே” என்று சொன்னவர்களும் இருந்தார்கள். நல்ல நாவலில் விடை தெரிந்த வாசகன் அந்த விடை எப்படி மறைக்கப்படுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். யார் எதை ஒளிக்கிறார்கள், ஏன் ஒளிக்கிறார்கள் என்ற கேள்வி அவனை இழுத்துச் செல்லும். இந்த நாவலில் எவரும் எதையும் ஒளிப்பதில்லை என்பதுதான் உங்கள் எரிச்சலின் வேர்.

ஆலிவர் அம்மையார் சந்திக்கிறவர்களை வரிசையாக நினைத்துப்பாருங்கள். பழைய சிநேகிதி ஒருவர், முன்னாள் செவிலித்தாய் ஒருவர், வீட்டுவேலை செய்த பெண் ஒருவர், பொய்முடி விற்ற அழகுநிலையக்காரர் ஒருவர். ஒருவருடைய பேச்சை இன்னொருவர் வாயில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. ஜெனரலுக்கு வேறு பெண்ணோடு தொடர்பு இருந்ததாமே என்பார் ஒருவர். இல்லை, அந்த அம்மாவுக்குத்தான் யாரோ இருந்தார் என்பார் அடுத்தவர். புற்றுநோய் என்று கேள்வி என்பார் மூன்றாமவர். எல்லாமே அவர்களுக்கு யாரோ சொல்லக் கேட்டவை. தவறாகச் சொன்னாலும் அவர்களுக்கு நட்டமில்லை, சரியாகச் சொன்னாலும் ஆதாயமில்லை. எனவே அவர்கள் சொல்வதை எடைபோடும் வேலை பாய்ரோவுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. வதந்திகள் குவிகின்றன, பிறகு உண்மை தெரிந்த ஒருவரிடம், அதாவது அந்த வீட்டில் முன்பு ஆசிரியையாக இருந்த பெண்ணிடம், பாய்ரோ போகிறார், அவர் வந்து நடந்ததைச் சொல்லிவிடுகிறார். துப்பறிந்து பெற்ற விடை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதே கிறிஸ்டி, இதே கருவை, ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன் எழுதியிருக்கிறார் என்பதுதான் இங்கே மிகவும் முக்கியமான செய்தி. ‘ஃபைவ் லிட்டில் பிக்ஸ்’ என்ற அந்த நாவல் அமெரிக்காவில் 1942-இலும் இங்கிலாந்தில் 1943-இலும் வெளிவந்தது. அங்கேயும் திருமணத்துக்கு நிற்கும் ஓர் இளம்பெண். அங்கேயும் தாய் தந்தையைக் கொன்றாளா என்ற கேள்வி. அங்கேயும் 16 ஆண்டுகள் பழையதாகிப்போன ஒரு சாவு. தந்தை அமியாஸ் கிரேல் பேர்பெற்ற ஓவியர். தாய் கரோலின், கணவருக்கு நஞ்சிட்டதாகத் தீர்ப்பாகிச் சிறையிலேயே இறந்துபோனவர். தான் குற்றமற்றவள் என்று மகளுக்கு ஒரு கடிதம் மட்டும் விட்டுச்சென்றிருக்கிறார். பாய்ரோ அன்று அந்த வீட்டில் இருந்த ஐந்து பேரைத் தேடிப்போய்ப் பேசுகிறார். பிறகு ஐவரிடமும் நடந்ததை எழுதித் தரச் சொல்கிறார். நாவலின் நடுப்பகுதி முழுவதும் அந்த ஐந்து எழுத்துமூல வாக்குமூலங்கள்தாம்.

ஒரே நாள், ஒரே தோட்டம், ஒரே சாவு என்று ஐந்து முறை வாசித்தும் சலிப்பதில்லை. காரணம், ஐவரில் ஒவ்வொருவருக்கும் அந்த நாளில் ஏதோ ஒன்று பணயமாக இருக்கிறது. பங்குத்தரகர் பிலிப் பிளேக் கரோலினை வெறுக்கிறார். அந்த வெறுப்புக்கு அடியில் ஒரு பழைய ஆசை புதைந்துகிடக்கிறது. அவர் அண்ணன் மெரடித், மூலிகை மருந்துகளைக் காய்ச்சிப் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர். நஞ்சு திருடப்பட்டது அவருடைய அறையிலிருந்து என்பதால் குற்றவுணர்வு அவருடைய ஒவ்வொரு வரியையும் வளைக்கிறது. ஓவியரின் காதலியாக வந்த எல்சா தன் வெற்றியை விட்டுக்கொடுக்க மாட்டாள். கரோலினின் தங்கை ஆஞ்சலா சிறுவயதில் அக்கா வீசிய காகிதக்கட்டையால் ஒரு கண்ணை இழந்தவள். ஆனாலும் அக்கா கொலை செய்திருக்க மாட்டாள் என்று சாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

ஐந்தாவது ஆளான வில்லியம்ஸ் என்ற வீட்டாசிரியையிடம் சற்று நிற்க வேண்டும். (அந்த நாவலை இனிமேல்தான் வாசிக்கப்போகிறீர்கள் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) நேர்மையே உருவான அந்த அம்மையார் 16 ஆண்டுகளாக ஒரு செய்தியை எவரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறார். கணவர் இறந்துகிடக்க, கரோலின் பீர் பாட்டிலைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, இறந்தவருடைய விரல்களை எடுத்து அதன்மேல் அழுத்தியதை அவர் தம் கண்ணால் பார்த்திருக்கிறார். கரோலின் கொலைகாரிதான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டாம் என்று நம்பி, அவர்மீது வைத்த இரக்கத்தால் வாயை மூடிக்கொண்டவர். பாய்ரோ அதே காட்சியைத் திருப்பிப் போடுகிறார். நஞ்சு இருந்தது பாட்டிலில் அல்ல, கண்ணாடிக் குவளையில். நஞ்சிட்டவளுக்கு அது தெரிந்திருக்கும். பாட்டிலைத் துடைத்தவளுக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் அவள் வேறு யாரையோ காப்பாற்றத் துடைத்திருக்கிறாள். சாட்சி பொய் சொல்லவில்லை, நினைவும் பிசகவில்லை. பார்த்ததற்கு அவர் கொடுத்துக்கொண்ட பொருள் மட்டும் பிசகியது. நினைவை வைத்து எழுதப்படும் துப்பறியும் கதைக்கு இதைவிடத் துல்லியமான ஒரு தடயத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ‘எலிஃபண்ட்ஸ்’ நாவலில் இதற்கு ஈடாக ஒரு வரிகூடக் கிடையாது. அங்கே நினைவுகள் மங்கலாக இருக்கின்றன, அவ்வளவுதான். அந்த மங்கல் எந்த உண்மையையும் மறைப்பதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். அமியாஸ் இறந்துகிடந்த, கடலைப் பார்த்த பீரங்கிமேட்டுத் தோட்டத்துக்கு வீட்டிலிருந்து எந்தப் பாதையில் இறங்க வேண்டும், அங்கே பேசினால் யார் காதில் விழும், மெரடித்தின் வீடு நீருக்கு அப்பால் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் வாசகன் ஒரு தாளில் வரைந்துவிடலாம். டெவன் பகுதியில் கிறிஸ்டிக்குச் சொந்தமாக இருந்த கிரீன்வே வீட்டையும் தோட்டத்தையும் மனத்தில் வைத்து எழுதியது அது. பின்னாளைய நாவலில் வரும் பாறைமுகட்டை அப்படி வரைய முடியாது. மணல்மேடும் பனங்காடுமான நம் கரையில் பிறந்தவர்களுக்குப் பாறைமுகடு என்பதே பழக்கமில்லாத நிலம்; மூன்று உயிர் போன இடத்தை நாவலாசிரியர் ஒரு பக்கமாவது நமக்குச் சுற்றிக்காட்டியிருக்க வேண்டும்.

பழைய சாவுகளைப் பற்றிய நினைவு எப்படி வேலை செய்யும் என்பதை நம் கரையில் உள்ளவர்களுக்கு எந்த நாவலும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதையும், பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனதையும் பற்றி இராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். வலைத்தொழில் செய்தவர் காற்றிலிருந்து தொடங்குவார். வாடை எப்படி வீசியது, எந்த நாழிகையில் திசை மாறியது என்பார். ரயில்வேக் குடும்பத்தில் பிறந்தவர் வண்டி கிளம்பிய நேரத்திலிருந்து தொடங்குவார். வண்டியை விட்டிருக்கக் கூடாது என்றோ, விட்டவர்மேல் குற்றமில்லை என்றோ ஒரு கட்சி அவருக்கு இருக்கும். வீட்டில் ஆள் பறிகொடுத்தவர் காற்றையும் கடிகாரத்தையும் விட்டுவிட்டு, அன்று கதவைத் திறக்கச் சொன்னது யார் என்ற ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருவார். மூவரும் சொல்வது ஒன்றோடொன்று பொருந்தாது. ஆனால் ஒருவர் எங்கே பிசகுகிறார் என்று பார்த்தால், அவருக்கு எங்கே வலிக்கிறது என்பது தெரியும். ‘ஃபைவ் லிட்டில் பிக்ஸ்’ நாவலின் ஐந்து பேரும் இப்படித்தான் பேசுகிறார்கள். ‘எலிஃபண்ட்ஸ்’ நாவலில் பேசுகிறவர்களோ, அந்தப் புயலின்போது வேறு ஊரில் இருந்துவிட்டு, மறுவாரம் பத்திரிகையில் படித்ததைச் சொல்கிறவர்கள்.

‘எலிஃபண்ட்ஸ்’ நாவலில் ஒரே ஒருவர் விதிவிலக்கு. கதையைத் தொடங்கிவைத்த அதே பர்ட்டன்-காக்ஸ் அம்மையார். அவர் மகன் டெஸ்மண்ட் வளர்ப்பு மகன். பெற்ற தாய் விட்டுச்சென்ற பணம் அவனுக்கு வருகிறது. அவன் மணம் செய்துகொண்டால் அந்தப் பணம் வளர்ப்புத் தாயின் பிடியிலிருந்து போய்விடும். ஆகவே திருமணத்தைக் கெடுக்க அவருக்கு வலுவான காரணம் இருக்கிறது. கேள்வி கேட்டதே அதற்காகத்தான். இதைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் நாவலுக்கு நிகழ்காலத்தில் ஓர் எதிரி கிடைத்திருப்பார். அவர் சாட்சிகளைக் கலைத்திருக்கலாம், சீலியாவின் காதில் பொய்யை ஓதியிருக்கலாம், பாய்ரோவை வழிதவறவிட்டிருக்கலாம். நடந்தது என்னவென்றால், பாய்ரோ இந்தப் பணவிவகாரத்தை ஆள்வைத்து விசாரித்துத் தெரிந்துகொள்கிறார். அதோடு அந்த அம்மையாரைக் கதை கைகழுவிவிடுகிறது. முதல் அத்தியாயத்தில் அவ்வளவு உயிரோடு வந்த மனுஷியை இப்படி வீணாக்கியதை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை. கணக்குப் பார்த்தால், தான் நம்பியதற்காக எதையாவது செய்கிற ஒரே சாட்சி அந்த நாய்தான்.

கால, வயதுக் குழப்பங்களை நீங்களே கவனித்திருப்பீர்கள். பாறைமுகட்டுச் சாவு நடந்து 10, 12 ஆண்டுகள் என்று ஓரிடத்திலும், 15 என்று வேறோரிடத்திலும், 20 என்று இன்னோரிடத்திலும் வருகிறது. இறந்தபோது ஜெனரலுக்கு 60 வயதும் மனைவிக்கு 35 வயதும் என்று ஒரு பக்கம் சொல்ல, இளைஞனாக இருந்தபோதே அவர் இரட்டையரில் மற்றவளைக் காதலித்ததாக இன்னொரு பக்கம் சொல்கிறது. கிறிஸ்டியைப் பற்றி நூலெழுதிய ராபர்ட் பர்னார்ட் என்ற விமர்சகர் இந்த முரண்களைச் சற்றுக் கடுமையாகவே எடுத்துக்காட்டியிருக்கிறார். சாட்சிகளின் மறதியைக் காட்ட வேண்டுமென்றே வைத்த பிசகுகள் இவை என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தால் பாய்ரோ ஒருமுறையாவது அந்தப் பிசகைச் சுட்டி, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். அவர் வரவில்லை.

வயதைப் பற்றிய வாதத்துக்கு வருகிறேன். கிறிஸ்டி 1890 செப்டம்பர் 15-இல் பிறந்தவர். இந்த நாவல் வந்தபோது அவருக்கு 82 வயது. பாய்ரோவை வைத்து அவர் கடைசியாக எழுதிய நாவல் இதுவே. டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் லங்காஷர், கிரேம் ஹர்ஸ்ட் ஆகிய இருவரும் அவருடைய நாவல்கள் பலவற்றைக் கணினியில் இட்டுச் சொல்வளத்தை எண்ணிப்பார்த்து 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 18 ஆண்டுகளுக்கு முந்தைய நாவலோடு ஒப்பிட்டால் இதில் சொல்வளம் ஏறத்தாழ 30 விழுக்காடு சுருங்கிவிட்டது. ஒரே தொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஏதோ, எதுவோ என்ற பிடிகொடுக்காத சொற்கள் பெருகிவிட்டன. மறதிநோயின் அறிகுறியாக இது இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. வாக்கியங்கள் ஏன் நீர்த்துப்போயின என்பதற்கு இந்த விளக்கம் போதும், நானும் ஏற்கிறேன். ஆனால் நினைவைப் பற்றிய நாவலை நினைவு மங்கிய ஆசிரியை எழுதினார் என்று இதை ஒரு சோகக் காவியமாக்கி, அந்த உருக்கத்தில் நாவலையும் உயர்த்திப் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆசிரியைமீது பரிவு கொள்ளலாம். அதற்காகப் புத்தகத்துக்குக் கூடுதல் மதிப்பெண் போட வேண்டியதில்லை.

மேலும், தளர்ந்த பாய்ரோ நாவலை அவர் முதுமையில் மட்டும் எழுதவில்லை. 1927-இல் வந்த ‘தி பிக் ஃபோர்’ இதைவிட மோசம் என்பேன். அப்போது அவருக்கு 36 வயதுதான். அதற்கு முந்தைய ஆண்டில் தாயை இழந்து, கணவர் மணவிலக்குக் கேட்டு, டிசம்பரில் 11 நாள்கள் எங்கிருக்கிறார் என்றே தெரியாமல் நாடே தேடிய நிலையில், புதிதாக எழுதும் தெம்பு அவரிடம் இருக்கவில்லை. 1924-இல் ஒரு வார இதழில் வந்திருந்த பாய்ரோ சிறுகதைகளைக் கணவரின் சகோதரர் உதவியோடு ஒட்டுப்போட்டு நாவலாக்கினார்கள். உலகை ஆளத் துடிக்கும் நான்கு சதிகாரர்கள், பாறைக்குள் ரகசிய நிலவறை என்று அது எங்கெங்கோ போகிறது. அதுவும் நன்றாகவே விற்றது. தொடர் என்று ஒன்று நிலைபெற்றுவிட்டால் அதற்கென்று ஒரு சந்தை உருவாகிவிடுகிறது. கிறிஸ்துமஸுக்கு ஒரு கிறிஸ்டி என்று பதிப்பாளர்கள் ஆண்டுதோறும் விளம்பரம் செய்து விற்ற பழக்கம் கடைசிவரை நீடித்தது. மாதம் தவறாமல் கடைக்கு வந்தாக வேண்டிய பாக்கெட் நாவல்களைப் படித்து வளர்ந்த நமக்கு இது புதிதன்று. தேவகோட்டைக்காரரான தமிழ்வாணனின் சங்கர்லாலை, முந்தைய கதை எப்படியிருந்தது என்று பார்த்துவிட்டா அடுத்ததை வாங்கினோம்? பெயரைப் பார்த்தோம், வாங்கினோம்.

எலிஃபண்ட்ஸில் நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. பாய்ரோவும் ஆலிவர் அம்மையாரும் பேசிக்கொள்ளும் இடங்களில் நெடுநாள் சிநேகிதத்தின் கதகதப்பு உண்டு. நாயின் தடயம் நேர்மையானது. எல்லோர் கண்ணுக்கும் முன்னால் வைக்கப்பட்டது. கொடுத்த வாக்குக்கும் செய்ய வேண்டிய நியாயத்துக்கும் நடுவே அகப்பட்ட ஜெனரலின் நிலைமை உண்மையிலேயே கனமானது. அந்த மனிதரின் கடைசி வாரங்களை மட்டும் எடுத்து 30 பக்கச் சிறுகதையாக எழுதியிருந்தால் கிறிஸ்டியின் மறக்க முடியாத கதைகளுள் ஒன்றாக நின்றிருக்கும் என்பது என் எண்ணம். நாவலின் நீளத்தை நிரப்ப வேண்டியிருந்ததால் யானைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவற்றுக்குத் தீனி போட அவரிடம் கதை இருக்கவில்லை.

தொடரை நிறுத்திவிடலாமா என்ற கேள்விக்கு, கட்டாயம் வேண்டாம் என்பதே என் பதில். அடுத்ததாக ‘ஃபைவ் லிட்டில் பிக்ஸ்’ வாசியுங்கள். மேலே நான் ஒரு பகுதியைச் சொல்லிவிட்டாலும் கொலையாளி யார் என்பதைச் சொல்லவில்லை. அதையடுத்து 1952-இல் வந்த ‘மிஸஸ் மெகின்டீஸ் டெட்’. வீட்டுவேலை செய்யும் மூதாட்டி கொல்லப்படுகிறாள், குடியிருந்தவன் தண்டிக்கப்படுகிறான், பழைய குற்றங்களில் பேர் அடிபட்ட நான்கு பெண்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து நூல் பிடிக்கிறார் பாய்ரோ. ஆலிவர் அம்மையார் அதிலும் உண்டு. அங்கே அவர் எவ்வளவு துடிப்போடு இருக்கிறார் என்று பார்த்தால், நீங்கள் இப்போது வாசித்ததில் எவ்வளவு குறைந்துபோனது என்பது தெரியும். 1966-இன் ‘தேர்ட் கேர்ள்’, 1969-இன் ‘ஹாலோவீன் பார்ட்டி’ இரண்டையும் அவசரமில்லாமல் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ‘தி பிக் ஃபோர்’ வாசிக்காவிட்டாலும் பாதகமில்லை.

1975-இல் வெளிவந்த ‘கர்ட்டன்’ பாய்ரோவின் இறுதி வழக்கு; அவர் இறந்துவிட்டார் என்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் இரங்கல் செய்தி போட்டது அந்த நாவலை ஒட்டித்தான். ஆண்டைப் பார்த்துவிட்டு அதையும் முதுமைக்காலத் தளர்ச்சியில் சேர்த்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே எழுதி, தம் மறைவுக்குப் பின் வெளியிடலாம் என்று பூட்டிவைத்திருந்த நாவல் அது. ‘ஃபைவ் லிட்டில் பிக்ஸ்’ எழுதிய அதே கையின் அதே காலத்து வேலை. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் பாய்ரோவின் முதல் வழக்கான ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ வாசித்திருப்பது அவசியம், ஏனென்றால் இரண்டும் நடப்பது ஒரே வீட்டில்.